ஷ்ரூஸ்பரியில் வீட்டுக்கு ஓடிய பையன்

பர்மிங்காமிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். ஷ்ரூஸ்பரி நிலையத்தை விட்டு வெளியே வந்தால் தலைக்கு மேலேயே கோட்டை. செவர்ன் நதி இந்த ஊரைக் குதிரை லாடம் மாதிரி வளைத்து ஓடுகிறது. ஊருக்குள் நுழைய மிச்சமிருக்கிற ஒரே தரைவழியில் கோட்டையைக் கட்டியிருக்கிறார்கள். அதற்கு எதிரிலேயே நான் தேடி வந்த பழைய பள்ளிக்கூடம்.

இப்போது அது ஊர்ப் பொது நூலகம். 1552-ல் ஆறாம் எட்வர்ட் மன்னரின் சாசனத்தோடு தொடங்கிய ஷ்ரூஸ்பரி பள்ளி, 1882 வரை இந்த இடத்தில்தான் நடந்தது. இங்கே படித்தவர்களை ஓல்ட் சலோபியன் என்கிறார்கள். அவர்களில் சிலருடைய வாழ்க்கையைப் பல வருடங்களாகப் படித்து வருகிறேன். ஏழாம் வகுப்பிலிருந்து விடுதியில் வளர்ந்தவன் நான். விடுதிப் பிள்ளைகளின் கதை எந்த நாட்டில், எந்த நூற்றாண்டில் நடந்திருந்தாலும் எனக்கு அது பக்கத்துக் கட்டில் பையனின் கதைதான்.

கல் வளைவு வாசலின் இரண்டு பக்கமும் இரண்டு கல் மாணவர்கள் நிற்கிறார்கள். அவர்களுக்கு நடுவே கிரேக்க எழுத்துகள். கற்பதில் ஆசை இருந்தால் நிறையக் கற்றவன் ஆவாய் என்று பொருள். ஒரு சிலை கற்க ஆசைப்படுகிறவன், மற்றது கற்றுத் தேர்ந்தவன். வாசலுக்கு வெளியே நாற்காலியில் தாடியோடு உட்கார்ந்திருக்கும் வெண்கல டார்வினை 1897-ல் வைத்தார்கள். சிலைகள் இருக்கிற இடம் என் மனதை என்னமோ செய்தது. வாசல் வாக்கியம் சொன்ன வழியில் போகாமலேயே நிறையக் கற்றுக்கொண்ட பையன் அவர்.

டார்வின் 1818-ல், ஒன்பது வயதில், இங்கே சேர்ந்தார். முந்தைய வருடம்தான் அவருடைய அம்மா இறந்திருந்தார். தலைமையாசிரியர் சாமுவேல் பட்லர் கெட்டிக்காரர். 1798-ல் அவர் பொறுப்பேற்றபோது இருபது பையன்கள்கூட இல்லாத பள்ளியைச் சுமார் முந்நூறு பேர் படிக்கும் இடமாக வளர்த்தார். ஆனால் சொல்லிக்கொடுத்தது முழுக்க லத்தீனும் கிரேக்கமும், கொஞ்சம் பழைய வரலாறும் புவியியலும்தான். காலைப் பிரார்த்தனை நடக்கும்போதே வெர்ஜிலிலோ ஹோமரிலோ நாற்பது ஐம்பது வரிகளைச் சிரமமில்லாமல் மனப்பாடம் செய்துவிடுவேன், நாற்பத்தெட்டு மணி நேரத்தில் எல்லாம் மறந்துவிடும் என்று டார்வின் பிற்காலத்தில் எழுதினார். படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலை ஸ்டடியில் செய்யுளை உருப்போட்டு, முதல் பீரியடில் ஒப்பித்து, மத்தியானச் சாப்பாட்டுக்குள் தொலைத்துவிட்டு நின்ற எத்தனையோ நாட்கள் ஞாபகம் வந்தன.

வீட்டுத் தோட்டத்துக் கருவிக் கொட்டகையில் அண்ணன் எராஸ்மஸ் ஒரு ரசாயனக் கூடம் வைத்திருந்தார். தம்பிதான் உதவியாள். செய்தி பள்ளிக்கு எட்டியதும் பையன்கள் அவருக்கு கேஸ், அதாவது வாயு, என்று பட்டப்பெயர் வைத்தார்கள். பட்லரோ எல்லோர் முன்னிலையிலும், உருப்படாத விஷயத்தில் நேரத்தை வீணாக்குகிறாய் என்று திட்டினார். அப்போது ஓர் இத்தாலியச் சொல்லையும் சொன்னார். எதிலும் அக்கறை இல்லாதவன் என்று அதற்கு அர்த்தம். அர்த்தம் புரியாததால் அது இன்னும் பயங்கரமான வசவாகத் தோன்றியது என்று டார்வின் எழுதியிருக்கிறார். வயதான பிறகும் அவருக்கு அந்தச் சொல் மறக்கவில்லை. என் காதில் பதிமூன்று வயதில் விழுந்த ஒரு சொல்லும் இன்னும் மறக்கவில்லை.

உள்ளே நான் பார்க்க விரும்பியது ஜன்னலைத்தான். பள்ளியின் தடித்த சுவர்களுக்குள் இருந்த பழைய ஜன்னல் ஒன்றில் மணிக்கணக்காக உட்கார்ந்து ஷேக்ஸ்பியரின் வரலாற்று நாடகங்களைப் படிப்பேன் என்று டார்வின் குறிப்பிட்டிருக்கிறார். எந்த ஜன்னல் என்று நூலகத்து அம்மாவிடம் கேட்டேன். அவர் கையை விரித்து, உங்களுக்குப் பிடித்த ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். தெருவைப் பார்த்த ஒரு ஜன்னலோரமாகப் போய் நின்றேன். சுவரின் கனத்தில் முழங்கை வரை உள்ளே போகிறது. கல் சில்லென்று இருந்தது. முட்டியை மடக்கிக்கொண்டால் ஒரு பத்து வயதுப் பையனுக்கு இப்படி ஒரு இடம் தனி அறை மாதிரி. விடுதியில் படித்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். முப்பது பேர் இருக்கிற இடத்தில் யாரும் கூப்பிடாத ஒரு மூலை கிடைத்தால் அதுதான் சொத்து. நண்பன் ஒருவன் வைத்திருந்த, உலக அதிசயங்கள் பற்றிய புத்தகத்தையும் இந்தப் பள்ளி நாட்களில்தான் டார்வின் திரும்பத் திரும்பப் படித்தார். தூர தேசங்களைப் பார்க்கும் ஆசை அதிலிருந்துதான் முதலில் வந்தது என்று அவரே நம்பினார். 1831-ல் அவரை பீகிள் கப்பலில் ஏற்றியது அந்த ஆசைதான்.

அப்புறம் அவர் ஓடிய வழியில் நடந்தேன். இந்த நாளுக்காகத்தான் இத்தனை தூரம் வந்தேன் என்றுகூடச் சொல்லலாம். டார்வினின் வீடு, தி மவுண்ட், பள்ளியிலிருந்து ஒரு மைலுக்குச் சற்று அதிகம். பக்கத்திலேயே வீடு இருந்தும் விடுதியில்தான் போட்டார்கள். மாலையில் பெயர் கூப்பிடுவதற்கும் கதவு பூட்டுவதற்கும் இடையில் கிடைக்கும் நேரத்தில் வீட்டுக்கு ஓடி, கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத் திரும்ப ஓடி வருவார். நேரம் தப்பிவிடும் போலிருந்தால் கடவுளே காப்பாற்று என்று வேண்டிக்கொண்டே ஓடுவார். நேரத்துக்கு வந்து சேர்ந்தால் அது பிரார்த்தனையின் பலன் என்று நினைப்பாராம், வேகமாக ஓடியதால் என்று அல்ல.

பிரைட் ஹில் தெருவைக் கடந்து, மார்டோல் சரிவில் இறங்கி, 1795-ல் கட்டிய வெல்ஷ் பாலத்தில் ஆற்றைத் தாண்டினேன். அவர் காலடி பட்ட அதே பாலம். அப்புறம் ஃபிராங்க்வெல், கடைசியில் மேடு. எனக்கு அரை மணி நேரம் பிடித்தது, மூச்சு வாங்கியது. செங்கல் வீட்டை வெளியிலிருந்துதான் பார்த்தேன். வீட்டில் அம்மா இல்லை. அக்காக்கள் இருந்தார்கள், நாய் இருந்தது, கொட்டகை இருந்தது. அந்தக் கொஞ்ச நேரத்துக்காக ஒரு குழந்தை இந்த மேட்டில் ஏறி ஓடியதை நினைத்துத் தெருவோரம் நின்றுவிட்டேன். பன்னிரண்டு வயதில் எழுதிய ஒரு கடிதத்தில், பள்ளியில் மாதம் ஒருமுறைதான் காலைக் கழுவுகிறேன், கழுவ அங்கே எதுவும் இல்லை என்கிறார். ஓடி ஓடிப் புழுதி படிந்த கால்கள்.

1825-ல் அப்பா அவரை இந்தப் பள்ளியிலிருந்து எடுத்துவிட்டார். சுடுவது, நாய், எலி பிடிப்பது தவிர உனக்கு வேறெதிலும் அக்கறை இல்லை, உனக்கும் குடும்பத்துக்கும் அவமானம் தேடித்தருவாய் என்று அப்பா சொன்னது பிரசித்தம். பிறகு நடந்ததும் எல்லோருக்கும் தெரியும். பட்லரின் பேரன், இன்னொரு சாமுவேல் பட்லர், இதே பள்ளியில் படித்து நியூசிலாந்தில் ஆடு வளர்த்து எழுத்தாளரானார். டார்வினை முதலில் போற்றியவர், பிறகு கடுமையாகச் சண்டை போட்டார். அந்த வரலாறு தனிக் கட்டுரைக்கு உரியது.

டார்வினுக்கு இரண்டரை நூற்றாண்டு முன்னால், 1564 அக்டோபர் 17 அன்று, இரண்டு பையன்கள் ஒரே நாளில் இங்கே சேர்ந்தார்கள். பிலிப் சிட்னி, ஃபுல்க் கிரெவில். கிரெவிலுக்கு வயது பத்து, சிட்னிக்கு ஒன்பது. இன்று நிற்கும் கல் கட்டடம் அவர்களுக்குப் பிறகு எழுந்தது. சிட்னி வீட்டுக்கு லத்தீனில் ஒன்றும் பிரெஞ்சில் ஒன்றுமாகக் கடிதம் எழுத, அப்பா ஒழுக்கம் பற்றி நீளமாகப் பதில் எழுதினார். அந்தத் தாளில் மிச்சமிருந்த ஓரத்தில் அம்மாவும் எழுதினார். அப்பா சொன்னதை நான்கைந்து நாளுக்கு ஒருமுறை எடுத்துப் படி என்று. இன்லேண்ட் லெட்டரின் மடிக்கும் ஓரத்தில் பென்சிலால் இரண்டு வரி எழுதிய அம்மாக்களை நமக்குத் தெரியும்.

சிட்னி கவிஞரானார், போர்வீரரானார். 1586-ல் நெதர்லாந்தில் சுட்ஃபென் சண்டையில் தொடையில் குண்டு பாய்ந்து, முப்பத்திரண்டு வயது நிறையும் முன்பே இறந்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டவர், பக்கத்தில் கிடந்த சாதாரணச் சிப்பாயின் பார்வையைப் பார்த்துக் குப்பியை அவனிடம் கொடுத்தார், உன் தேவை என்னுடையதைவிடப் பெரியது என்று சொல்லி. அந்தக் கதையை எழுதிவைத்தவர் கிரெவில். கிரெவில் இன்னும் நாற்பத்திரண்டு வருடம் வாழ்ந்தார், உயர்ந்த பதவிகள் வகித்தார், 1628-ல் சொந்த வேலைக்காரன் குத்தியதில் இறந்தார். இரண்டு நாள் முன்பு வார்விக்கில், புனித மேரி தேவாலயத்தில் அவர் கல்லறையைப் பார்த்தேன். எலிசபெத் அரசியின் ஊழியன், ஜேம்ஸ் மன்னரின் ஆலோசகன், பிலிப் சிட்னியின் நண்பன் என்று தன்னைப் பற்றித் தானே எழுதிவைத்திருக்கிறார். பத்து வயதில் பக்கத்தில் உட்கார்ந்த பையனுக்கு, அரசர்களுக்கு அடுத்த இடம். அங்கே நெடுநேரம் நின்றேன்.

எல்லோரும் இப்படி இல்லை. 1685-ல் கலகக்காரர்களைக் கூட்டம் கூட்டமாகத் தூக்கில் போட்ட நீதிபதி ஜெஃப்ரீஸும் இந்தப் பள்ளியில் படித்தவர்தான். 1689-ல் லண்டன் டவரில் கைதியாகச் செத்தார்.

மாலையில் குவாரி பூங்கா வழியாக ஆற்றைக் கடந்து கிங்ஸ்லேண்ட் பக்கம் போனேன். 1882-ல் பள்ளி இங்கே மாறியது. டார்வின் காலமானதும் அதே வருடம்தான். இங்கே பிரதானக் கட்டடம் பதினெட்டாம் நூற்றாண்டில் அனாதைக் குழந்தைகளுக்காகக் கட்டப்பட்டு, பின்னால் ஏழை விடுதியாகவும் இருந்தது. வசதியான வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் கூரைக்கு இப்படி ஒரு முன்கதை. 2008-ல் மேல்வகுப்பில் பெண்களையும் சேர்க்கத் தொடங்கினார்கள். மைக்கேல் பேலினும் இங்கே படித்தவர். எண்பது நாட்களில் உலகைச் சுற்றும் தொலைக்காட்சித் தொடருக்காக நம் சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கப்பல் ஏறியவர் அவர்தான்.

ஆற்றங்கரையில் பள்ளியின் படகுக் கூடம். அதைப் பார்த்ததும் ஆண்ட்ரூ இர்வின் நினைவு. 1919-ல் ஹென்லி போட்டியில் ஜெயித்த பள்ளி அணியில் துடுப்புப் போட்டவர். முதல் உலகப்போர் நடந்தபோது, பள்ளிப் பையனாக இருந்துகொண்டே, சுழலும் விசிறியின் ஊடே விமானத்திலிருந்து சுடுவதற்கான கருவிக்கு வரைபடம் போட்டுப் போர் அமைச்சகத்துக்கு அனுப்பியவர். எவரெஸ்ட் பயணத்தில் ஆக்சிஜன் கருவிகளைப் பிரித்துத் திருத்திச் சேர்த்தவரும் அவர்தான். 1924 ஜூன் 8 அன்று ஜார்ஜ் மல்லோரியோடு சிகரத்துக்குப் போனவர் திரும்பவில்லை. வயது இருபத்திரண்டு.

மல்லோரியின் உடல் 1999-ல் கிடைத்தது. தேடியவர்கள் முதலில் அது இர்வின் என்றே நினைத்தார்கள். சட்டைக் காலரில் தைத்திருந்த பெயர்ப்பட்டையைப் பார்த்துத்தான் மல்லோரி என்று தெரிந்தது. 2024-ல் ரோங்புக் பனிப்பாறையில் ஒரு பூட்ஸ் கிடைத்தது. உள்ளே கால் இருந்தது. காலுறையில் தைத்த சிவப்பு எழுத்துத் துணிப்பட்டை: ஏ. சி. இர்வின். நூறு வருடப் பனியில் பெயர் அப்படியே இருந்தது.

செய்தியில் அந்தப் படத்தைப் பார்த்த அன்றைக்கே இந்த ஊருக்கு வர முடிவு செய்தேன். விடுதிக்குப் போகும் பிள்ளைகளின் துணிகளில் பெயர் தைப்பது அங்கேயும் வழக்கம். எங்கள் விடுதியில் என் எண் 43. நான் கிளம்பிய வாரம் அம்மா ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொரு காலரிலும், ஒவ்வொரு துண்டின் மூலையிலும், காலுறையில்கூடச் சிவப்பு நூலால் அந்த எண்ணைத் தைத்தார். சலவைக்குப் போட்ட துணி மாறாமல் திரும்ப வர வேண்டும் என்பதுதான் அவர் கவலை.

படகுக் கூடத்துக்கு எதிர்க்கரையில் பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுக்கு போன் போட்டேன். நம்மூரில் நடுராத்திரி ஆகப்போகிறது, ஆனாலும் எடுத்தார்.

"அம்மா, என் சட்டையில 43 தைச்சியே, ஞாபகம் இருக்கா?"

"இல்லாமலா? சாயம் போகாத நூலா குடுங்கன்னு கடைக்காரர்கிட்ட ரெண்டு தடவ கேட்டு வாங்கினேன். ஏம்ப்பா, சாப்டியா?"

ஆற்றில் பள்ளிப் பிள்ளைகள் எட்டுப் பேர் துடுப்புப் போட்டுக்கொண்டு பாலத்தடியில் போனார்கள். சாப்பிட்டேன் என்றேன்.