ஒரு தண்டனைக்கு எவ்வளவு செலவாகும்?

மாமி மண்டூரில் இருக்கிறார், நான் மட்டக்களப்புக் கல்லடியில். வியாழக்கிழமை என்றால் விடிய முதல் பாதையில் ஏறி குருமண்வெளியில் இறங்கி, மெயின் ரோட்டுக்கு வந்து பஸ் பிடித்து, ஏழரைக்கெல்லாம் என் வீட்டுக் கேற்றடியில் நிற்பார். (பாதை என்று நாங்கள் சொல்வது வாவியைக் கடக்கிற மிதவையை. வெளியூர்க்காரர் குழம்பக்கூடாது.) மண்டூரில் சமைத்துக்கொண்டு வந்தால் வெக்கைக்குப் பழுதாகிவிடும் என்று என் அடுப்பில்தான் சமைப்பார். சோறு, பருப்பு, பொரித்த மீன் இரண்டு துண்டு. பார்சலைக் கட்டி முடித்ததும் புதுச் சவர்க்காரம் ஒன்றை எடுத்து, கத்தியால் நடுவில் சீராக வெட்டுவார். சிறைச்சாலை வாசலில் எப்படியும் வெட்டித்தான் பார்ப்பார்கள், அங்கே வெட்டினால் நொறுங்கிப் பாதி வீணாகும், அதனால் வீட்டிலேயே வெட்டிக்கொண்டு போகிறார். சோற்றையும் கரண்டியால் கிளறிப் பார்ப்பார்கள். முதல் நாள் நான் மீனை மேலே அழகாக அடுக்கினேன். "எப்பிடி வச்சாலும் கிண்டித்தானே பாப்பாங்க புள்ள, நீ மூடு" என்றார்.

மாமியின் மகன், எனக்கு மச்சான் முறை, பதினான்கு மாதமாக மறியலில். ஐஸ் போதைப்பொருள். பிடிபட்டபோது பையில் இருந்தது பொய்யில்லை, குடித்ததும் பொய்யில்லை, விற்றானா இல்லையா என்பதை வழக்கு சொல்லட்டும். அவனுக்காக வக்காலத்து வாங்க நான் எழுதவில்லை. எங்கள் பக்கத்தில் ஐஸ் என்ன செய்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். நல்லாப் படித்த பிள்ளை தாயின் தோட்டைக் கழற்றிக்கொண்டு ஓடினதைப் பார்த்தவள் நான், விற்கிறவனைப் பிடித்து உள்ளே போடத்தான் வேண்டும்.

எனக்குத் தொழில் கணக்கு. ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் பதினேழு வருசமாகப் பேரேடு எழுதுகிறேன், அதனால் முதல் மாதமே மாமியிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து எல்லாச் செலவையும் எழுதச் சொன்னேன். போன கிழமை இரண்டு பேருமாக இருந்து கூட்டிப் பார்த்தோம். அறுபது தடவை பார்க்கப் போனதற்குப் பஸ், பாதை, பார்சல் எல்லாம் சேர்த்து 90,000 ரூபா. பார்க்கப் போகிற நாளில் மாமிக்குக் கூலி வேலை இல்லை, அது ஒரு நாளைக்கு 2,000 படி 120,000. சட்டத்தரணிக்குப் பன்னிரண்டு தவணைக்கு 90,000, பிணை விண்ணப்பத்துக்கு 75,000. மொத்தம் 375,000 ரூபா. இரண்டு காப்பும் அடகில், ஒரு மாடு விற்றாயிற்று. தீர்ப்பு இன்னும் வரவில்லை, வழக்கே இன்னும் சரியாகத் தொடங்கவில்லை.

இது ஒரு வீட்டுக் கணக்கு. அரசாங்கத்தின் பக்கத்துக் கணக்கு எங்கே என்று அன்றைக்கு ராத்திரி யோசித்தேன், தேடியும் பார்த்தேன். அதைத்தான் எழுத வந்தேன்.

நச்சுப்பொருள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் 1929ஆம் ஆண்டினது. 1984இல் அதைத் திருத்தி, 2 கிராமோ அதற்கு மேலோ ஹெரோயின் வைத்திருந்தால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை என்றார்கள். 2022 நவம்பரில் 41ஆம் இலக்கச் சட்டத்தால் மறுபடி திருத்தி ஐஸையும் சேர்த்தார்கள், அதற்கு 5 கிராம். பிணையும் இறுகியது. இந்த மாதிரி வழக்கில் நீதவானால் பிணை கொடுக்க முடியாது, மேல் நீதிமன்றமும் விதிவிலக்கான சூழ்நிலை என்று காட்டினால் மட்டும்தான் கொடுக்கலாம், தூய நிறை 10 கிராமோ கூடவோ என்றால் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கே போக வேண்டும். மேன்முறையீட்டு நீதிமன்றம் கொழும்பில். மண்டூரிலிருந்து கொழும்புக்குப் போய், அங்கே ஒரு சட்டத்தரணியைப் பிடித்து, திரும்பி வருவதென்றால் என்ன செலவு என்று யாராவது அந்தத் திருத்தத்தை எழுதும்போது நினைத்திருப்பார்களா?

அந்த வருசம் எப்படிப்பட்ட வருசம் என்று ஞாபகம் இருக்கும். ஏப்ரலில்தான் நாடு வெளிக்கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது, காஸ் வரிசை, பெற்றோல் வரிசை, ஆஸ்பத்திரியில் மருந்தில்லை. ஏழு மாதம் கழித்து, இன்னும் எத்தனையோ பேரை இன்னும் எத்தனையோ வருசம் அடைத்து வைத்துச் சாப்பாடு போடப்போகிற ஒரு சட்டத்தை நிறைவேற்றினார்கள். எங்கள் நாட்டில் திருத்தச் சட்டமூலம் அச்சாகி வரும்போது, ஒவ்வொரு வாசகத்தாலும் சட்டத்தில் என்ன மாறுகிறது என்று ஒரு குறிப்புப் போடுவார்கள். எவ்வளவு செலவு என்று அந்தக் குறிப்பில் ஒரு வரியும் இருக்காது.

இதில் என்ன பெரிய செலவு, சோறும் பருப்பும்தானே என்று அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். விளக்கமறியலில் இருக்கிறவரைத் தவணைக்குத் தவணை நீதிமன்றத்துக்குக் கொண்டுவர வேண்டும், அதற்கு பஸ், டீசல், காவலுக்கு ஆட்கள். பிடித்த பொட்டலத்தை முத்திரையிட்டு, ஒரு உத்தியோகத்தரிடம் கொடுத்து, அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்கு அனுப்பி, தூய நிறை எவ்வளவு என்று அறிக்கை எடுக்க வேண்டும், ஏனென்றால் மரண தண்டனையா சின்னத் தண்டனையா என்பது அந்த ஒரு எண்ணில்தான் தொங்குகிறது. அப்புறம் சட்டமா அதிபர் குற்றப்பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும், மேல் நீதிமன்றத்தில் விசாரணை, சட்டத்தரணி வைக்க வசதியில்லாத எதிரிக்கு அரச செலவில் ஒருவர், தீர்ப்புக்குப் பிறகு மேன்முறையீடு. தண்டனை கூடக் கூட ஆட்கள் குற்றத்தை ஒத்துக்கொள்வது குறையும், யார்தான் ஆயுள் தண்டனைக்குத் தலையாட்டுவார்கள்? எல்லோரும் கடைசி வரை வழக்காடுவார்கள், அவர்கள் வழக்காடுகிற அத்தனை நாளும் நீதிமன்ற நாள்தான். காணி வழக்குக்காரன் ஒருவன் வெளியே வாங்கில் குந்தியிருந்து அடுத்த தவணையை வாங்கிக்கொண்டு போவதும் இந்தச் செலவுக்குள்தான் சேரும், அதை ஒருத்தரும் எழுதுவதில்லை.

மரண தண்டனைக் கணக்கு இன்னும் விசித்திரம். இலங்கையில் கடைசியாகத் தூக்குப் போட்டது 1976இல். 2019இல் நான்கு பேரின் ஆணையில் ஜனாதிபதி ஒப்பமிட்டார், உயர் நீதிமன்றம் நிறுத்திவிட்டது. ஆக, மரண தண்டனை என்று எழுதினாலும் நடைமுறையில் அது ஒருவரைச் சாகும்வரை வைத்துப் பராமரிக்கிற செலவு. இளைஞன் ஒருவன் உள்ளே போனால் கிழவனாகி, சீனி வந்து, பிறஷர் வந்து, மருந்து மாத்திரையும் அரசாங்கத்தின் தலையில்தான்.

சிறைகளின் கொள்ளளவு சுமார் 12,000 பேர். 2024இல் உள்ளே இருந்தது 30,000 பேருக்கும் மேல். அதில் பாதிக்கு மேற்பட்டோர் தீர்ப்புக் கிடைக்காதவர்கள். 2023 டிசம்பரில் யுக்திய என்ற பொலிஸ் போதை ஒழிப்பு நடவடிக்கை தொடங்கிய பிறகு எப்படிக் கூடியது என்று பார்க்கப் போகிற வரிசையின் நீளத்திலேயே தெரிந்தது என்கிறார் மாமி. 2020 நவம்பரில் மஹர சிறைக் கலவரத்தில் 11 பேர் செத்தார்கள், கொரோனாக் காலம், நெரிசல், பயம். நெரிசலுக்கு இப்படியும் ஒரு விலை இருக்கிறது, அதை ரூபாயில் எழுத எனக்குத் தெரியாது.

சரி, வேறு நாட்டில் எப்படிச் செய்கிறார்கள்? அமெரிக்காவில் வேர்ஜினியா மாநிலத்தில் ஒரு சட்டமே இருக்கிறது. சிறைவாசத்தைக் கூட்டுகிற சட்டமூலம் ஒன்று வந்தால், அடுத்த ஆறு வருசத்தில் எந்த வருசம் அதிகச் செலவு வருமோ அந்தத் தொகையைக் கணித்து எழுத வேண்டும், சட்டம் நிறைவேறினால் அந்தக் காசையும் ஒதுக்க வேண்டும். கணிக்க முடியாது என்றால் குறைந்தது 50,000 டொலர் என்று போட வேண்டும். எனக்கு இது மிகவும் பிடித்தது. தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது, தெரியாததற்கும் ஒரு தொகை போட்டுத்தான் ஆக வேண்டும். டெக்சாஸில் 2007இல், இப்படியே போனால் இன்னும் 17,000 பேருக்குச் சிறையில் இடம் கட்ட வேண்டும், சுமார் 200 கோடி டொலர் வேண்டும் என்று கணக்கு வந்தது. தண்டனை விசயத்தில் மெத்தனமானவர்கள் என்று அந்த மாநிலத்தை ஒருவரும் சொல்லமாட்டார்கள். ஆனால் கணக்கைப் பார்த்ததும் 24 கோடி டொலர் அளவில் போதை சிகிச்சைக்கும் நன்னடத்தைக் கண்காணிப்புக்கும் போட்டு, பிறகு சிறைகளை மூடவும் தொடங்கினார்கள். எண் கண்ணுக்கு முன்னால் இருந்தபடியால்தான் அந்தப் பேச்சே வந்தது.

எங்களிடமும் வேறு வழிக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. சமுதாயம் சார்ந்த சீர்திருத்தத்துக்கு 1999இல் ஒரு சட்டம், போதைக்கு அடிமையானவர்களின் சிகிச்சைக்கும் புனர்வாழ்வுக்கும் 2007இல் இன்னொன்று. கொழும்பு ரயிலில் போகும்போது வெலிக்கந்தை தாண்டுவோமே, அந்தப் பக்கத்தில்தான் கந்தக்காடு புனர்வாழ்வு நிலையம் இருக்கிறது, 2022இல் அங்கே கலவரம் வெடித்து நூற்றுக்கணக்கானோர் தப்பி ஓடினார்கள். சிகிச்சை என்று பெயர் வைத்தால் மட்டும் போதாது, அதற்கும் ஆளும் காசும் வேண்டும். தண்டனையைக் கூட்ட நாடாளுமன்றத்தில் கை தூக்கினால் போதும், இதற்குத்தான் வரவு செலவுத் திட்டம் வேண்டும் என்ற நினைப்பிலேயே நாங்கள் இருக்கிறோம். இரண்டுமே மக்கள் காசு. 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 சதவீதம், மாமி வெட்டுகிற அந்தச் சவர்க்காரத்திலும் அது இருக்கிறது. மகனை அடைத்து வைக்கிற செலவில் ஒரு பங்கை அவரே கட்டுகிறார்.

2 கிராமுக்கு மரண தண்டனை என்று எழுதி நாற்பது வருசம் தாண்டிவிட்டது, குடு (ஹெரோயினைத்தான் இப்படிச் சொல்வோம்) ஒழியவில்லை. அந்த நாற்பது வருசத்துக்கும் என்ன செலவானது, அந்தக் காசுக்கு எத்தனை வைத்தியர், எத்தனை ஆலோசகர் வைத்திருக்கலாம் என்று ஒரு கணக்கு இருந்தால், திருத்தம் சரியா பிழையா என்று வாதிடவாவது எங்களுக்கு ஒரு பிடி இருக்கும். எங்கள் சங்கத்தில் ஒரு தராசு வாங்குவதற்கே மூன்று விலைமனு கேட்கிறோம்.

மட்டக்களப்பு மாவட்டத்துக்கு நாடாளுமன்றத்தில் 5 ஆசனம், பக்கத்துத் திகாமடுல்லைக்கு (அம்பாறை) 7. கட்சி பார்க்காமல் பன்னிரண்டு பேருக்கும் கடிதம் எழுதுகிறேன், தண்டனையைக் கூட்டுகிற எந்தச் சட்டமூலத்துக்கும் செலவுக் குறிப்பு ஒன்று இணைக்கக் கேளுங்கள் என்று. மாமியின் கொப்பியைப் பிரதி எடுத்துக் கடிதத்தோடு வைக்கலாமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "வை. பேர மட்டும் மறச்சிரு. காப்பு அடகு வச்சத மறைக்காத" என்றார்.