சாப்பிடும்போ கன்னத்துல வலிக்குதா?

எங்க சித்திக்கு மரச்சீனியும் மீன்கறியும் மொத வாய் வச்ச உடனே காதுக்குக் கீழ சுள்ளுன்னு இழுக்கும், ரெண்டு மூணு வாய் தின்னதும் அடங்கிரும், அதனால எல்லாரும் பல்லுவலின்னே நெனச்சு கிராம்பும் தைலமுமா மாசக்கணக்குல போயிட்டு, கடைசில நாரோயில்ல (நாகர்கோவில்) காது மூக்கு தொண்டை பாக்குற இஎன்டி டாக்டர் தொட்டுப் பாத்துட்டு உமிழ்நீர் சுரப்பில கட்டி இருக்குன்னுட்டாரு.

கேட்டதும் பயந்துராதீங்க மக்கா. சாப்பிடும்போ வலியும் வீக்கமும் வந்து பொறவு வத்துனா பெரும்பாலும் அது எச்சில் குழாய்ல கல்லு அடைச்சதா இருக்கும், அதுவும் தாடைக்குக் கீழ உள்ள சுரப்பிலதான் கல்லு ஜாஸ்தி. கட்டிங்க அதிகமா வரது காதுக்கு முன்னாடி உள்ள பரோட்டிட் சுரப்பில, அதுல 100க்கு 80 கிட்ட கேன்சர் இல்லாத சாதா கட்டிதான். ஆனா சாதா கட்டின்னு வருஷக்கணக்குல விட்டா சிலது கேன்சரா மாறும், அதான் எனக்கு பயமே. கட்டி வத்தாம அப்படியே நின்னாலோ, வலி விடாம இருந்தாலோ, முகம் மரத்தாலோ, ஒரு பக்க வாய் கோணினாலோ, கண்ணு மூட முடியலன்னாலோ ஒருநாள் கூட தள்ளிப்போடாதீங்க, ஏன்னா முகத்தை அசைக்கிற நரம்பு அந்த பரோட்டிட் சுரப்பிக்குள்ளகூடிதான் போவுது.

தயவுசெஞ்சு எண்ணெய் போட்டு அமுக்கித் தடவாதீங்க. பல்லு நல்லாருக்குன்னு பல் டாக்டர் சொன்னாலும் அதோட நிக்காம நாரோயில் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ்ல இஎன்டில காட்டுங்க, மொதல்ல ஸ்கேனும் கட்டில ஊசி வச்சு கொஞ்சம் எடுத்துப் பாக்குற டெஸ்ட்டும்தான் பாப்பாங்க.