வீடெங்கும் ஒலிக்கும் இசையோடு அழைப்புமணியை இணைத்த அனுபவம்

எல்லா அறைகளிலும் ஒரே பாட்டை ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்வது இப்போது பெரிய காரியமல்ல. அறைக்கொரு ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியை வைத்து, ஸ்னாப்காஸ்ட் என்ற திறமூல மென்பொருளை நிறுவினால், ஒலிபெருக்கிகள் தமக்குள் பிசிறின்றி ஒத்திசைந்து பாடுகின்றன. ஆனால் பாட்டு ஓடும்போது வாசல் மணி யாருக்கும் கேட்பதில்லை என்பது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. மாடியறையில் இருக்கும் என் தாயாருக்குக் காது சற்று மந்தம் என்பதால், மணியோசையும் கீழிருந்து அழைக்கும் குரலும் அதே ஒலிபெருக்கிகள் வழியாகவே அவரைச் சேர வேண்டும் என்று முடிவு செய்தேன்.

முதல் வேலை, மணி அழுத்தப்பட்டதைக் கணினிக்குத் தெரிவிப்பது. எங்கள் மணி குறைந்த மின்னழுத்த ட்ரான்ஸ்ஃபார்மரில் இயங்குவது. அந்த மாறுதிசை மின்சாரத்தை வைஃபை வசதியுள்ள ஈஎஸ்பி32 என்ற கட்டுப்பாட்டுச் சில்லோடு நேரடியாக இணைக்கக் கூடாது. எனவே அதே மின்னழுத்தத்துக்குரிய ஏசி ரிலே (மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்) ஒன்றை மணிக்குப் பக்க இணைப்பாகப் பொருத்தி, அதன் தொடுமுனைகளை மட்டும் சில்லுக்குக் கொண்டுசென்றேன். தொடுமுனைகள் ஒட்டும்போது ஏற்படும் அதிர்வு பல அழுத்தல்களாகப் பதிவாகாமலிருக்க, அந்தச் சில்லை இயக்கும் ஈஎஸ்பிஹோம் மென்பொருளில் 50 மில்லிவினாடி வடிகட்டி ஒன்றைச் சேர்த்தேன். பழைய மணியைக் கழற்றவில்லை. வலையமைப்பு முடங்கினாலும் அது அடிக்கும். வீட்டு மின்சாரத்தில் நேரடியாக இயங்கும் மணியாக இருந்தால், இந்தப் பகுதியை மின்பணியாளரிடம் ஒப்படைப்பதே முறை.

இசையோடு மணியைக் கலப்பதற்கு ஸ்னாப்காஸ்ட்டில் மெட்டா என்ற ஒலிமூல வகை இருக்கிறது. அதில் மணியின் ஒலி ஓடையை முதலிலும் இசையை அடுத்தும் எழுதினால், மணி ஒலிக்கும் கணத்தில் அது முன்னுரிமை பெற்று, முடிந்ததும் இசைக்கு இடம்விடுகிறது. இசையைத் தணித்து அதன்மேல் மணியைப் பூசுவதைவிட, இசையை முற்றிலும் நிறுத்தி மணியைத் தனியே ஒலிப்பதையே நான் விரும்புகிறேன். காது மந்தமானவருக்கு அந்தத் திடீர் மாற்றமே செய்தி.

உண்மையான சிக்கல் ஒலியளவில்தான் இருக்கிறது. ஸ்னாப்காஸ்ட்டில் ஒலியளவு அறைக்கு உரியதே தவிர, ஓசைக்கு உரியதன்று. மெல்லிய இசை ஓடும் அறையில் மணியும் மெலிந்தே கேட்கும்; ஒலியடைத்த அறையில் கேட்கவே கேட்காது. ஆகவே வீட்டுச் சாதனங்களை ஒருங்கிணைத்து இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருள் வழியாக எல்லா அறைகளின் நிலையையும் முதலில் சேமித்து, மணிக்குரிய அளவுக்கு உயர்த்தி, ஒலித்து முடிந்ததும் பழைய நிலைக்குத் திருப்ப வேண்டியிருந்தது. ஒலியளவுக் கட்டளை உடனே செயல்படுகிறது; ஓசையோ, ஒத்திசைவுக்காகத் தேக்கிவைக்கப்படும் இயல்புநிலை இடையக நேரமான 1000 மில்லிவினாடி தாமதித்தே வருகிறது. ஆகையால் மணியின் நீளத்தோடு அந்த ஒரு வினாடியையும் சேர்த்துக் காத்திருந்தால்தான் மணியின் வால் அறுபடாது. பொறுமையற்ற விருந்தினர் மணி முடியுமுன் மறுபடி அழுத்தினால், உயர்த்திய அளவே பழைய நிலையாகச் சேமிக்கப்பட்டு, அதன்பின் பாட்டு முழக்கமாகத் திரும்பும். இதைத் தவிர்க்க, முதல் மணி முடியும்வரை அடுத்த அழுத்தல்களைப் புறக்கணிக்கும்படி அமைத்தேன்.

சில ஆம்ப்ளிஃபயர்கள் ஒலி வராதபோது உறங்கிவிடுகின்றன. அவை விழிப்பதற்குள் மணியின் முதல் 'டிங்' தொலைந்துபோகும். மணிக்கோப்பின் தொடக்கத்தில் சிறிது மௌனத்தைச் சேர்த்ததும் அது சரியானது.

குரல் அழைப்புக்கு நேரடி ஒலிபரப்பு ஏற்றதல்ல. தாமதித்து வரும் தன் குரலையே கேட்டுக்கொண்டு பேசுபவருக்கு நா தடுமாறும். மைக் இருக்கும் அறையின் ஒலிபெருக்கி திறந்திருந்தால் ஊளைச் சத்தமும் எழும். எனவே பொத்தானை அழுத்திப் பேசி, விட்டதும் பதிவு ஒலிக்கும்படி செய்தேன். மணியும் குரலழைப்பும் ஒரே நேரத்தில் ஒலியளவைச் சேமிக்க முனையாதபடி, இரண்டையும் ஹோம் அசிஸ்டன்ட்டின் ஒரே ஸ்கிரிப்டின் (கட்டளைத் தொகுப்பின்) வரிசையில் நிறுத்தியிருக்கிறேன். எது முதலில் வந்ததோ அது முடிந்த பிறகே அடுத்தது தொடங்குகிறது.