மூன்று நாள் கத்திய மெட்டல் டிடெக்டர்

பெருந்துறைப் பக்கம் ஒரு முறுக்கு ஆலையில் மெயின்டனன்ஸ் இன்ஜினியராக இருக்கிறேன். ஒறம்பரைகள், அதாவது சொந்தபந்தங்கள் எல்லாம் நான் அங்கே மாவு பிசைவதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சரி, அது தனிக் கதை.

லைனின் கடைசியில், பாக்கெட்டுகள் அட்டைப் பெட்டிக்குப் போகும் முன் மெட்டல் டிடெக்டர் நிற்கிறது. உள்ளே மூன்று கம்பிச்சுருள், அதாவது காயில். நடுச்சுருள் காந்தப்புலத்தைக் கிளப்பும். இரு பக்கமும் உள்ளவை அதைச் சமமாக வாங்கும். உலோகம் கடந்தால் அந்தச் சமநிலை கெடும். உடனே மணி கத்தும், காற்று பீச்சி அந்தப் பாக்கெட்டைப் பூட்டிய பெட்டிக்குள் தள்ளிவிடும். மணிக்கொரு முறை 1.5 மி.மீ. இரும்புக் குண்டு, 2.5 மி.மீ. ஸ்டெயின்லெஸ் குண்டு பதித்த அட்டைகளை ஓட்டிச் சோதிப்போம். ஸ்டெயின்லெஸ் லேசில் சிக்காது, அதனால் அதற்குக் குண்டு பெரிசு.

திங்கட்கிழமை ஒரு பாக்கெட் விழுந்தது. பிரித்தால் நிஜமாகவே சல்லடைக் கம்பித் துணுக்கு. சல்லடையை மாற்றி, அதுவரை கட்டி வைத்திருந்த சரக்கையெல்லாம் மறுபடி ஓட்டி முடித்தோம். எதற்கும் ஒரு நடை பார்ப்போமே என்று டிடெக்டர் பக்கத்தில் போய் நின்றேன். வரிசையாக ஆறு பாக்கெட் விழுந்தது. பிரித்தால் முறுக்கைத் தவிர ஒன்றுமில்லை.

முறுக்கில் உப்பும் ஈரமும் கூடினால் இப்படிப் பொய்யாகக் கத்துவதுண்டு. நேரே மாவுப் பகுதிக்குப் போய்ச் சண்டை போட்டேன். திரும்பி வந்தால் மறுபடி கத்தல். பக்கத்து மோட்டாரின் டிரைவை நிறுத்தினேன். எர்த் ஒயரைப் புதிதாக இழுத்தேன். செவ்வாய் ராத்திரி உட்கார்ந்து பெல்ட்டையே மாற்றினேன். ஒவ்வொரு வேலை முடிந்து நான் நகர்ந்ததும் மெஷின் சமர்த்தாக ஓடும். 'பாத்தியா, சரி பண்ணிட்டோம்' என்று ரசிக்க வந்து நிற்பேன். கத்தும். வழக்கமாக மெக்கானிக்கைக் கண்டதும் கோளாறு ஒளிந்துகொள்ளும். இங்கே எனக்காகவே காத்திருந்தது.

புதன் மதியம் சர்வீஸ்காரருக்குப் போன் போடப் போகும்போது, பேக்கிங்கில் நிற்கும் சென்னிமலை அக்கா கூப்பிட்டார்.

"ஏனுங் தம்பி, சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்கக்கா."

"மூணு நாளாப் பாக்கறனுங். ஒறம்பரையப் பாத்தா நாய் கொரைக்கறாப்பல, உங்களக் கண்டாத்தானுங் இது கத்துது. அந்தப் பையக் கொஞ்சம் தள்ளி வெச்சுப் பாருங்களேன்."

இடுப்பில் ஸ்பேனர் பை. நாலு கிலோ இரும்பு. அது தொங்கும் உயரமும் டிடெக்டர் வாயின் உயரமும் கச்சிதமாக ஒன்று. வாய்க்குப் பக்கத்தில் உலோகம் எதுவும் அசையக்கூடாது என்று இந்த மெஷின் வந்த அன்று எல்லாருக்கும் வகுப்பு எடுத்தவன் நான்தான்.

பையைக் கழற்றிக் கதவோரம் வைத்துவிட்டு வந்து நின்றேன். கப்சிப். எடுத்துக்கொண்டு வந்தேன், கத்தியது. அக்கா சிரிக்கவில்லை, மாஸ்க் மட்டும் குலுங்கியது.

கோளாறு அறிக்கையில் 'காரணம்' என்ற கட்டத்தில் ரொம்ப நேரம் யோசித்து, 'வெளிப்புற உலோக இடையூறு' என்று எழுதிக் கொடுத்தேன். படித்த மேனேஜர் நேராக லைனுக்கே வந்துவிட்டார். "வெளிப்புறம்னா என்னங்க? எங்க இருந்து வந்துச்சு?"

அக்கா என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். "கொமாரபாளையத்துல இருந்து வருதுங் சார். டெய்லி எட்டரை பஸ்ஸுல."