ட்ரெயிலரில் ஏறிய எலீஸ்

2024 மார்ச் 2, சனி

ட்ரெயிலர் வந்துவிட்டது. இரண்டு அச்சு, நாலு சில்லு, முன்னால் காரை இழுத்து ஏற்றக் கையால் சுற்றும் வின்ச். வெறும் பாரம் 400 கிலோ. விற்றவர் பல வருடமாகத் தன் கேட்டர்ஹாம் செவன் காரை இதில்தான் ஏற்றித் திரிந்தவர். தளத்தில் துரு இல்லை. ரயர்களின் பக்கவாட்டில் வெடிப்புத் தெரிந்ததால் நாலையும் மாற்றச் சொல்லிவிட்டேன்.

போன செப்டெம்பரில் காட்வெல் பார்க் கார் ஓடுபாதையில் என் லோட்டஸ் எலீஸ் கிளட்ச் போய் நின்ற நாளிலிருந்து இதே யோசனைதான். வீட்டிலிருந்து நூற்றைம்பது மைல் வரும். முறிவுச் சேவைக்காரர்கள் ஓடுபாதையிலிருந்து ஏற்றுவது ஒப்பந்தத்தில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். லொறி பிடித்துக் கொண்டுவந்த காசு இந்த ட்ரெயிலரின் பாதி விலை. அதைவிட இன்னொன்று இருக்கிறது. இதே காரில்தான் பின்னேரம் வீடு திரும்ப வேண்டும் என்ற நினைப்பு இருந்தால் ஒவ்வொரு வளைவிலும் மனம் பின்னுக்கு இழுக்கும். பிரேக் கட்டை தேய்கிறதா, ரயர் தாங்குமா என்ற கணக்கே ஓடிக்கொண்டிருக்கும்.

மார்ச் 10, ஞாயிறு

றொம்ஃபோர்ட் பக்கம் வாடகைக்கு எடுத்த முற்றத்தில் முதல் தடவை காரை ஏற்றினோம். மருமகனும் (தங்கையின் மகன்) வந்தான்.

எலீஸின் முன்வாய் தரையை ஒட்டியது. ட்ரெயிலரோடு வந்த சாய்தட்டில் நேரே விட்டால் சில்லு தொடுவதற்கு முன் மூக்குத் தொடும். இரண்டு தடித்த பலகைகளை நிலத்தில் போட்டு, அவற்றின் மேல் சாய்தட்டின் அடியை வைத்தபிறகுதான் சரிவு குறைந்தது. மருமகன் குந்தியிருந்து, மூக்குக்கும் தட்டுக்கும் இடையில் விரலை வைத்தபடி "வாங்கோ மாமா, வாங்கோ, ஒரு விரல் இருக்கு" என்று சொல்லச் சொல்ல, கிளட்சைப் பாதியில் பிடித்து ஏற்றினேன். முன்சில்லு தளத்தில் இருந்த நிறுத்துக் கட்டையில் முட்டியதும் நிறுத்தினேன்.

கட்டுவதற்கு ரயரின் மேலால் சுற்றும் பட்டிதான். நாலு சில்லுக்கும் நாலு. உடலை இழுத்துக் கட்டினால் ஸ்பிரிங் அமுங்கி எழும்பும்போது பட்டி தளரும். சில்லைக் கட்டினால் கார் தன் ஸ்பிரிங்கில் தானே ஆடிக்கொள்ளும்.

பிறகு பின்னுக்கு எடுக்கும் பயிற்சி. லண்டனில் பதினெட்டு வருடம் பஸ் ஓட்டுகிறேன், ஆனால் இது வேறு கை. ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்து, ட்ரெயிலர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்த வேண்டும். ஒரு மணி நேரத்தில் ஓரளவு பிடிபட்டது.

மார்ச் 17, ஞாயிறு

கை இன்னும் நடுங்குகிறது. மறப்பதற்குள் எழுதிவைக்கிறேன்.

எலீஸை ஏற்றி, வொல்வோவில் இழுத்துக்கொண்டு ஸ்டான்ஸ்டெட் வரை போய்த் திரும்பும் ஒத்திகை. எம்11 நெடுஞ்சாலையில் ஹார்லோ தாண்டும்வரை ஒரு குறையும் இல்லை. இடது தடத்தில் 58 மைல் வேகம் (இழுத்துக்கொண்டு போனால் 60தான் உச்சம்). மெல்லிய இறக்கம் ஒன்று. வலப்பக்கம் ஒரு கோச் எங்களை முந்தியது. அதன் மூக்கு எங்கள் கதவடிக்கு வந்ததும் காற்று ட்ரெயிலரை ஒரு பக்கம் தள்ளியது. கோச் கடந்ததும் மற்றப் பக்கம் இழுத்தது. அதற்குப் பிறகு தள்ள ஒன்றும் இல்லை, ஆனாலும் ஆட்டம் நிற்கவில்லை. இடம், வலம், இடம். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பெரிதாக. கண்ணாடியில் ஒரு முறை எலீஸின் இடப்பக்கம் முழுதாகத் தெரிந்தது, அடுத்த கணம் வலப்பக்கம் முழுதாகத் தெரிந்தது. வொல்வோவின் பின்புறத்தை யாரோ வாலைப் பிடித்து உதறுவதுபோல் இருந்தது.

"மாமா, பின்னால ஆடுது. பிரேக் பிடிச்சிடாதேங்கோ!"

என் கால் பிரேக்குக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. பிடித்திருந்தால் முன்வண்டி மெதுவாக, பின்பாரம் தள்ள, இரண்டும் மடிந்திருக்கும். காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேரே பிடித்தபடி இருந்தேன். ஆட்டத்தைத் திருத்த நான் திருப்பவில்லை. திருப்பினால் என் திருப்பம் எப்போதும் அரைக் கணம் பிந்தித்தான் போய்ச் சேரும், ஆட்டத்துக்கு அது தீனி. 50க்கு இறங்கியதும் தானாக அடங்கியது.

திரும்பி வந்தது முழுவதும் 45இல். இருவரும் பேசவில்லை.

நான் கார் லைசென்ஸ் எடுத்தது 1997க்குப் பிறகு. முன்பென்றால் இப்படிப் பாரம் இழுக்கத் தனி ஓட்டுச் சோதனையில் சித்தியடைய வேண்டும். 2021 டிசெம்பர் 16இலிருந்து 3,500 கிலோ வரை அது வேண்டாம் என்றாக்கிவிட்டார்கள். சட்டம் கேட்காவிட்டாலும் நான் படித்துவிட்டு வந்திருக்க வேண்டும். பக்கத்து இருக்கையில் என் தங்கையின் பிள்ளை இருந்தான்.

மார்ச் 23, சனி

காரணம் பிடிபட்டது.

ட்ரெயிலரின் கொழுவி வண்டியின் குமிழில் எவ்வளவு பாரத்தோடு குந்துகிறது என்பதே எல்லாவற்றுக்கும் அடிப்படை. மொத்தப் பாரத்தில் நூற்றுக்கு ஐந்திலிருந்து ஏழு வரை நுனியில் இருக்க வேண்டும். காரும் ட்ரெயிலரும் சேர்த்து எங்களுக்கு 1,130 கிலோ வரும், ஆக 57க்கும் 79க்கும் இடையில். வொல்வோவின் கொழுவுத் தண்டில் ஒட்டியிருக்கும் தகட்டில் 75 கிலோவுக்கு மேல் கூடாது என்றிருக்கிறது.

"என்னத்துக்கப்பா தராசை வெளியில கொண்டுபோறியள்?" என்று மனைவி கேட்டாள். சொன்னேன். எம்11இல் நடந்ததையும் அப்போதுதான் சொன்னேன். அவள் உள்ளே போய்ப் பழைய துவாய் ஒன்றைக் கொண்டுவந்து, "தராசு கண்ணாடி, கீறுப்படாமல் வையுங்கோ" என்றாள்.

ட்ரெயிலரைச் சமதரையில் நிறுத்தி, கொழுவிக்கு நேர்கீழே தராசு, தராசின் மேல் துவாய், அதன்மேல் அளந்து வெட்டிய மரத்துண்டு. முன்சிறுசில்லைச் சுற்றி மேலே எடுத்ததும் பாரம் மரத்தில் இறங்கியது. குனிந்து பார்த்தேன். 8 கிலோ.

நிறுத்துக் கட்டைதான் குற்றவாளி. அது கேட்டர்ஹாமுக்காகப் பூட்டியது. கேட்டர்ஹாமுக்கு எஞ்சின் முன்னால், பாரம் முன்னும் பின்னும் ஏறக்குறையச் சரிபாதி. எலீஸுக்கு எஞ்சின் இருக்கைக்குப் பின்னால், பத்தில் ஆறு பங்கு பாரம் பின்சில்லில். முன்சில்லிலிருந்து அளந்தால் கேட்டர்ஹாமின் பாரமையம் ஒரு மீற்றர் 11 செ.மீ. பின்னால். எலீஸுக்கு ஒரு மீற்றர் 40. அதே கட்டையில் இரண்டு காரும் முட்டி நின்றால், என் காரின் பாரம் ஏறக்குறைய ஓர் அடி பின்தள்ளி உட்காரும். நுனி எழும்பும், வால் கனக்கும், ஒரு கோச்சின் காற்றுப் போதும்.

போல்ட்டைக் கழற்றி, கட்டையை முன்னுக்கு நகர்த்தி நகர்த்தி எடை பார்த்தோம். ஓர் அங்குலத்துக்கு ஐந்து, ஐந்தரைக் கிலோ ஏறுகிறது. பதினொரு அங்குலத்தில் 68. அங்கே புதுத் துளை போட்டுப் பூட்டினேன்.

725 கிலோதான் இந்தக் கார். அலுமினியத் துண்டுகளைப் பசையால் ஒட்டிய அதன் சட்டகம் மட்டும் 68 கிலோ. தராசிலும் அதே எண் நின்றதை மருமகனுக்குக் காட்டினேன்.

மார்ச் 31, ஞாயிறு

அதே றோட்டு, அதே வேகம். இரண்டு கோச் முந்தின. அசையவில்லை.

ஏப்ரல் 23, செவ்வாய் இரவு

நாளை ஸ்னெட்டர்டன் கார் ஓடுபாதையில் ஓட்டம். ட்ரெயிலரின் விளக்குகள் பார்த்தாயிற்று. வொல்வோவின் இலக்கத்தகடு ட்ரெயிலருக்கும் பூட்டியாயிற்று. கொழுவி கழன்றால் ட்ரெயிலரின் பிரேக்கைத் தானே பிடிக்கவைக்கும் மெல்லிய கம்பிவடத்தைக் குமிழில் அல்ல, தண்டில் இருக்கும் வளையத்தில் மாட்ட வேண்டும். இதைக் கை மறக்கக்கூடாது. அம்மா என் மனைவியிடம் சொல்லி அனுப்பிய புட்டும் கட்டியாயிற்று.

ஏப்ரல் 24, புதன்

நாலரைக்குப் புறப்பட்டோம். பேர்ச்சாங்கர் கிறீனில் முதல் நிறுத்தம். நாலு பட்டியையும் இன்னொரு கிளிக் இறுக்கினேன், புதுக் கட்டு எப்போதும் கொஞ்சம் தளரும். புறங்கையை ஒவ்வொரு சில்லின் நடுவுக்கும் கிட்டக் கொண்டுபோய்ச் சூடு பார்த்தேன். நாலும் ஒரே இளஞ்சூடு. ஒன்று மட்டும் கொதித்தால் பேரிங்கோ பிரேக்கோ பிடிக்கிறதென்று அர்த்தம்.

ஏ11இல் எல்வெடன் நினைவுத்தூண் பனிக்குள் நின்றது. இந்தப் பக்கமெல்லாம் போர்க்கால விமானத்தளங்கள். ஸ்னெட்டர்டனே அமெரிக்கரின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் எழும்பிய இடம். பதினைந்து மைலுக்குள் லோட்டஸ் தொழிற்சாலை இருக்கும் ஹெதெல், அதுவும் பழைய தளம்தான். என் கார் 1998இல் அங்கேதான் பிறந்தது.

பதிவு, விளக்கக் கூட்டம், கையில் அடையாளப் பட்டி. புகைக்குழாயிலிருந்து அரை மீற்றரில் ஒலிமானியைப் பிடித்துச் சத்தம் அளந்தார்கள், வரம்புக்குள் இருந்தது. முன்னால் போகிறவர் வழிவிட்டால்தான் முந்தலாம். நேரம் அளப்பது தடை. அது எனக்குப் பிடித்த விதி. யாரும் யாரையும் வெல்ல வரவில்லை.

ஸ்னெட்டர்டன் 300 ஒரு சுற்று 2.97 மைல். பென்ட்லி நேர்பாதையில் 118 குதிரைத்திறன் காரை எல்லாரும் முந்துவார்கள், நானும் வழிவிட்டேன். வளைவுகளில் அவர்கள் எனக்கு வழிவிட்டார்கள். கடைசி வளைவுக்கு முன் வரும் கோரம் நீண்டுகொண்டே போகும் வலது வளைவு. அதன் நடுவில் அக்சலரேற்றரைச் சட்டென்று விட்டால் எஞ்சின் பாரம் பின்னாலிருந்து காரைச் சுழற்றும். பத்தரை மணிக்கு, அங்கே பின்பக்கம் லேசாக வழுக்கத் தொடங்கியபோது, எம்11இல் என் காலில் இருந்த அதே பயம் வந்தது. விடவில்லை. கால் நிலையில் நிற்க, கார் வளைவின் கோட்டில் தானே வந்து உட்கார்ந்தது. வீடு திரும்பும் கவலை இல்லாமல் இந்தக் காரை ஓட்டியது இன்றுதான் முதல் தடவை. ஐந்து வருடம் வைத்திருந்தும் இதன் பாதியைத்தான் அறிந்திருக்கிறேன்.

மதியத்துக்குப் பின் மருமகன் ஓட்டும்போது வெப்பமானி 88இலிருந்து 103க்கு ஏறியது. உடனே உள்ளே கொண்டுவந்தான். ஆறவிட்டு எண்ணெய் மூடியைத் திறந்தேன். உட்புறத்தில் பால்தேத்தண்ணி நிறத்தில் பசை. எண்ணெயில் தண்ணீர் கலந்துவிட்டது. எஞ்சின் தலையின் அடியில் அடைப்பாக இருக்கும் தலைக் காஸ்கெட் போய்விட்டது. இந்த கே-சீரிஸ் எஞ்சினில் குளிர்நீர் குறைவு, தலையிலிருந்து அடிவரை நீண்ட போல்ட்டுகள்தான் எல்லாவற்றையும் ஒன்றாக இறுக்கி வைத்திருக்கின்றன. தெரிந்தே வாங்கியது.

"என்னாலதானே மாமா?"

"இல்லையடா. நீ வெப்பத்தைப் பார்த்தபடியால்தான் எஞ்சின் மிச்சம்."

எஞ்சினைத் திரும்ப எழுப்பவில்லை. நான் ஸ்டியரிங்கில் இருக்க, அவன் வின்ச்சைச் சுற்ற, பல்லுப் பல்லாகக் கார் ஏறிக் கட்டையில் முட்டியது. களைப்பில், ஓடுபாதைக்காகத் தனியாக வைத்திருக்கும் சில்லுகள் நாலையும் ட்ரெயிலரின் பின்தளத்தில் போட்டுக் கட்டிவிட்டேன். நான் பட்டியை இறுக்கிக்கொண்டிருக்க, அவன் சொல்லாமலே துவாயையும் தராசையும் மரத்துண்டையும் எடுத்துவந்து கொழுவியின் கீழ் வைத்தான்.

"மாமா, 39 காட்டுது."

சில்லுகளை அவிழ்த்து வொல்வோவுக்குள் ஏற்றினோம். திரும்ப வைத்துப் பார்த்தான். 67.

"இப்ப போவம்."

எல்வெடன் தாண்டும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. 55இல் வந்தோம். லொறிகள் பக்கத்தில் வந்து போயின. கண்ணாடியில் எலீஸின் மூக்கு நடுவிலேயே நின்றது.