பிழையில்லாத ஒரு தவறு

சில ஆண்டுகளுக்கு முன், எழுதப் பழகிக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் தம் முதல் கட்டுரையைப் படித்துப் பார்க்கும்படி என்னிடம் கொடுத்தார். விடுபட்ட ஒற்று, எழுவாயோடு இயையாத பயனிலை, வரிசை மாறிய பத்தி என்று கண்ணில் பட்ட அனைத்தையும் குறித்து, ஓரங்களில் இலக்கண விதிகளையும் எழுதித் திருப்பிக் கொடுத்தேன். நான் குறித்தவற்றுள் ஒன்றுகூடத் தவறில்லை. ஆனால் அதன்பின் அவர் நெடுநாள் எதையும் எழுதவில்லை. பின்னர் அதே கட்டுரையைப் பார்த்த மூத்த நண்பர் ஒருவர், இரண்டாம் பத்தியைக் காட்டி, "உங்கள் கட்டுரை இங்கேதான் தொடங்குகிறது" என்று மட்டும் சொன்னாராம். பிழைகள் அவர் கண்ணிலும் பட்டிருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

எனக்கு இருந்தது அறிவு. அவருக்கு இருந்தது விவேகம். (ஞானம் என்றாலே துறவு நினைவுக்கு வந்துவிடுவதால் இந்தச் சொல்லை விரும்புகிறேன்.) திருக்குறளில் கல்வி 40ஆம் அதிகாரம், அறிவுடைமை 43ஆம் அதிகாரம், கற்றதும் அறிவுடையவராகிவிடுவோம் என்று வள்ளுவர் கருதவில்லை போலும், இடையில் கல்லாமையையும் கேள்வியையும் வைத்திருக்கிறார். மனத்தைச் சென்ற இடத்துக்கெல்லாம் செல்லவிடாமல், தீதிலிருந்து விலக்கி நன்மையின்பால் செலுத்துவதே அறிவு என்கிறது 422ஆம் குறள். அவர் அங்கே அறிவு என்பதைத்தான் நாம் இன்று விவேகம் என்கிறோம். என் பேனாவோ அன்று பிழை இருந்த இடமெல்லாம் சென்றது.

இளையோர் வடிவியலில் வல்லவராகலாம், ஆனால் நடைமுறை விவேகம் அவர்களிடம் அரிது என்றார் அரிஸ்டாட்டில். விதிகளைக் கற்றுக்கொள்ள முடியும், தனித்தனிச் சூழல்களை அறிவதற்கோ காலமும் அனுபவமும் வேண்டும் என்பது அவர் காட்டும் காரணம். தமிழில் இதற்குப் பட்டறிவு என்ற அழகான சொல் உண்டு. எனினும் பட்டவர் அனைவரும் அறிந்துவிடுவதில்லை. ஒரே தவறை முப்பது ஆண்டுகள் செய்துகொண்டிருப்பவர்களும் இருக்கிறார்கள்.

அண்மையில் வேறொருவர் தம் கட்டுரையை அனுப்பியிருந்தார். படித்து முடித்ததும், எதற்காக என்னைப் பார்க்கச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். நாளை அச்சுக்குப் போகிறது, பிழை இருந்தால் சொல்லுங்கள் என்றார். ஒன்றுவிடாமல் குறித்து அனுப்பினேன்.