கொத்தவாலைத் தேடி ஒரு நடை

பூக்கடையில் பஸ்ஸை விட்டு இறங்கிக் கொத்தவால் சாவடிக்குள் நுழைந்தபோது காலை ஒன்பது மணி. மொத்தக் காய்கறி வியாபாரம் 1996இல் கோயம்பேட்டுக்குப் போய்விட்டது. ஆனாலும் மூட்டை சுமப்பவர்களுக்கு ஒதுங்கி வழிவிட்டுக்கொண்டேதான் நடக்க வேண்டியிருக்கிறது. நான் காய் வாங்க வரவில்லை, பெயருக்காக வந்தேன். கொத்தவால் என்றால் நகரக் காவலையும் சந்தையையும் கவனித்த அதிகாரி. ஆள் போய், பதவியும் போய், பெயர் மட்டும் கத்தரிக்காயோடு ஒட்டிக்கொண்டது.

பக்கத்திலேயே பெத்தநாயக்கன்பேட்டை. கொத்தவாலுக்கும் முந்தைய காவல்காரர் இந்தப் பெத்த நாயக்கர். 17ஆம் நூற்றாண்டில் கோட்டைக்கு வெளியே இருந்த கறுப்பர் நகரத்தின் காவலைக் கம்பெனியார் அவரிடம் ஒப்படைத்திருந்தார்கள். தந்தைக்குப் பின் மகன் என்று வந்த பதவி. ஊருக்குள் வரும் நெல், மீன், எண்ணெய், பாக்கு ஆகியவற்றின் மீது சிறு தீர்வை வாங்கிக்கொள்ளும் உரிமைதான் வருமானம். ஆனால் அந்த ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது: திருட்டுப் போன பொருள் கிடைக்காவிட்டால் நட்டத்தை நாயக்கரே ஈடுகட்ட வேண்டும். கல்லூரி நாட்களில் சைக்கிளைப் பறிகொடுத்துவிட்டு, புகார் மனுவின் நகலை இன்றும் பத்திரமாக வைத்திருப்பவன் நான். இதை முதன்முதலில் படித்தபோது என் முகம் எப்படி மலர்ந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அங்கிருந்து ஆட்டோவில் எழும்பூர். பாந்தியன் சாலையில் இருக்கும் பழைய கமிஷனர் அலுவலகம் இப்போது காவல் அருங்காட்சியகம். அருணகிரி முதலியாருக்குச் சொந்தமான இந்தப் பங்களாவை 1842இல் மாதம் 165 ரூபாய் வாடகைக்கு எடுத்தார்கள். 1856இல் போல்டர்சன் முதல் கமிஷனரானபோது 21,000 ரூபாய்க்கு விலைக்கே வாங்கிவிட்டார்கள். தாழ்வாரத்தில் நின்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். பதினான்கு ஆண்டு வாடகை 27,720 ரூபாய்! முதலியார் கெட்டிக்காரர்தான். கமிஷனர் அலுவலகம் 2013இல் வேப்பேரிக்கு மாறியது. 2021இல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

சீருடைகள், துப்பாக்கிகள், வயர்லெஸ் கருவிகள் எல்லாம் பார்த்தேன். துப்பாக்கிகளில் எனக்கு அவ்வளவு ஈடுபாடில்லை. மனம் 1973க்குப் போனது. ஓர் உதவி ஆய்வாளர், ஒரு தலைமைக் காவலர், இருபது காவலர்கள்: தமிழ்நாட்டின் பெண் போலீஸ் படை மொத்தமே அவ்வளவுதான். ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வர 1992 ஆகிவிட்டது. பத்தொன்பது ஆண்டு என்பது கொஞ்சம் அதிகம்தான்.

சுற்றிக்காட்டிய இளம் காவலரிடம் பெத்த நாயக்கரின் நிபந்தனையைச் சொன்னேன். சிறிது யோசித்தார்.

“செல்போன் திருட்டுக்கும் கட்ட வேண்டுமா சார்?”

“எல்லாவற்றுக்கும்தான்.”

“அப்படியென்றால் நான் ஊருக்குப் போய் விவசாயமே பார்த்திருப்பேன்” என்று சொல்லிவிட்டு அடுத்த அறையின் விளக்கைப் போட்டார்.